சுகிந்தாவின் குரோமியமும் வெங்காயத்தாமரையும்

எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். இந்தியாவின் குரோமைட் தாதுவில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்திலுள்ள சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடக்கிறது. திறந்தவெளிச் சுரங்கக் குழிகளில் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றியே தீர வேண்டும். அந்த நீரில் புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம்-6 கலந்திருக்கிறது. டம்சாலா ஓடை வழியாக அது பிராமணி ஆற்றுக்குப் போகும். 2007இல் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் சுகிந்தாவும் இருந்தது.

வழக்கமான வைத்தியம் அன்னபேதி எனப்படும் பெர்ரஸ் சல்பேட். அது குரோமியம்-6ஐ நச்சு குறைந்த குரோமியம்-3 ஆக்கிக் கசடாகப் படிய வைக்கும். இதே வேலையை வெங்காயத்தாமரையின் வேரும் செய்கிறது என்பதை 1998இல் எக்ஸ் கதிர் ஆய்வு காட்டியது. இறகுபோல் தொங்கும் மெல்லிய வேர்களுக்குள்ளேயே ஆறு மூன்றாகிவிடுகிறது. சுகிந்தா நீரிலேயே சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது: 15 நாளில் 99.5 சதவீதம் குரோமியம்-6 நீங்கியது. பெரிய அளவில் என்று ஆய்வாளர்கள் செய்த சோதனைக்கு எடுத்துக்கொண்டது 100 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் டிரம் அளவு! சுரங்கம் இறைக்கும் நீருக்கு இது உறைபோடக் காணாது.

அளவைவிடப் பெரிய சிக்கல், செடியைப் பிறகு என்ன செய்வது என்பதுதான். உலோகம் அழியாது, நீரிலிருந்து செடிக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. காலத்தில் அள்ளாவிட்டால் செடி அழுகும், குரோமியம் திரும்பவும் நீரில் கலக்கும். அள்ளியதை மாட்டுக்குப் போடக் கூடாது, எருவாக்கவும் கூடாது. எரித்துவிடலாமே என்றால், காற்றுப்படும் சூட்டில் மூன்று மறுபடி ஆறாகக்கூடும். நச்சுக்கழிவுக்கென அமைத்த, கசிவு தடுக்கப்பட்ட குழிதான் அதற்கு ஏற்ற இடம். இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காமல் ‘மலிவான தொழில்நுட்பம்’ என்று எழுதுவது பாதிக் கணக்கு.

நச்சு அடர்த்தி கூடினால் செடியே பட்டுப்போகும். எனவே அன்னபேதி முதலில் பெரும்பகுதியை நீக்கட்டும். மிச்சத்தை, லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற சட்ட வரம்புக்குக் கீழே இறக்கும் வேலையைச் செடிக்குக் கொடுக்கலாம். அதுவும் கரை கட்டிய குட்டையில். ஓடைக்குத் தப்பினால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும் களை இது.

குரோமியம் என்றதும் நமக்கு ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் நினைவுக்கு வரும். ஆனால் அங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரில் உப்பு மிகுதி. வெங்காயத்தாமரை உப்பைத் தாங்காது. அங்கே உப்பைத் தனியே பிரித்தெடுத்த பிறகுதான் எந்த நன்னீர்ச் செடியைப் பற்றியும் பேச முடியும்.