பாக்கி எவ்வளவு என்று முதலில் தெரியட்டும்

வியாபாரம் கொஞ்சம் பெருகியதும் எங்கள் ஊரில் முதலில் கேட்பது, "கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிடலாமாண்ணே?" என்றுதான். வீராம்பட்டினத்தில் மீனும் கருவாடும் வாங்கி விற்கிறவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. "யார் யார் எவ்வளவு பாக்கின்னு இப்பவே சொல்லுங்க, பார்க்கலாம்" என்று திருப்பிக் கேட்பேன். பதில் சட்டென்று வராது. வந்தாலும் வீட்டுக்காரம்மா வந்து திருத்துவார்.

கம்ப்யூட்டர் இந்த ஊருக்குப் புதிதல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை நடுவமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் அமைக்கத் தொடங்கியது. பணம் தந்தது கனடாவின் வளர்ச்சி ஆராய்ச்சி மையம். தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாததால் தகவல் வானொலி அலையில் போனது. கரண்ட் போனால் கைகொடுக்கச் சூரியத் தகடு இருந்தது. எங்கள் ஊருக்கும் ஒரு மையம் வந்தது. கடலுக்குப் போகிறவருக்கு வேண்டியது ஒன்றுதான்: இன்று அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அந்தக் கணிப்பை எடுத்து, இங்கே ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். கரையில் வலை பிரிப்பவர் எவரும் கம்ப்யூட்டர் பழக வேண்டியிருக்கவில்லை. உலகமெங்கும் பேசப்பட்ட அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் குழாய் ஸ்பீக்கர்தான்.

கேரளத்திலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1997 முதல் 2001 வரை வடகேரளக் கரையோரம் செல்போன் பரவியதை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். எந்தக் கரையில் என்ன விலை என்று மீனவர்கள் படகிலிருந்தே கேட்டுக்கொண்டு, நல்ல விலை உள்ள கரைக்குப் போய் விற்றார்கள். வாங்க ஆளில்லாமல் வீணாய்ப் போன மீன், பிடித்ததில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை இருந்தது. அது அறவே நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. செயலி எதுவும் இல்லை, வெறும் பேச்சு.

அதனால் நான் தொடங்குவது பாக்கி நோட்டில். ஆளுக்கு ஒரு பக்கம்: தேதி, சரக்கு, எடை, விலை, வந்த பணம். இதை ஒழுங்காக எழுதப் பழகியவருக்குத்தான் போனில் கூகுள் ஷீட் போட்டுக் கொடுப்பேன். வீட்டில் இன்னொருவர் போனிலும் அது திறக்க வேண்டும். போன் கடலில் விழுந்தாலும் கணக்கு விழாது. நோட்டே எழுதாதவருக்குப் பெரிய பில்லிங் சாஃப்ட்வேர் விற்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்தது, வியாபாரத்துக்கென்று தனி சிம், தனி வங்கிக் கணக்கு. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் ஐஸ் கட்டிக் காசும் ஒரே கணக்கில் ஓடினால் லாபம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. தனி எண்ணில் வாட்ஸ்ஆப் பிசினஸ் இலவசம். வஞ்சிரம் வந்ததா, நெத்திலிக் கருவாடு என்ன விலை என்பதை அதில் போட்டுவிடலாம்.

யுபிஐ 2016இல் வந்தது. அதில் வாங்கும் பணத்துக்கு வங்கிகள் வியாபாரியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்பது 2020 ஜனவரியிலிருந்து விதி. ஆனால் பணம் வந்ததைச் சொல்லும் சவுண்ட் பாக்ஸுக்கு மாத வாடகை கேட்பார்கள். பெரிய மார்க்கெட்டில் செதிள் ஒட்டிய ஈரக் கையோடு உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு அந்த வாடகை தண்டமில்லை. வீட்டிலிருந்து நாலு ஓட்டலுக்கு மட்டும் சரக்கு போடுகிறவருக்கு அது எதற்கு? மின்தராசு வாங்கினால், வருடத்துக்கொரு முறை எடையளவுத் துறையின் முத்திரை வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். பிரிண்டரை முடிந்தவரை தள்ளிப்போடச் சொல்வேன். உப்புக்காற்றில் முதலில் படுப்பது அதுதான்.

கம்ப்யூட்டரும் பில்லிங்கும் எப்போது? ஜிஎஸ்டி நெருங்கும்போது. தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம்தான். கடலூர் உறவினர் சொன்னதை நம்பி இருந்துவிடக் கூடாது. பச்சை மீனுக்கு வரி இல்லை, அதை மட்டும் விற்பவருக்குப் பதிவும் தேவையில்லை. கருவாட்டைப் பாக்கெட் போட்டுப் பெயர் ஒட்டத் தொடங்கினால் கதை மாறும், அப்போது ஆடிட்டரைப் பார்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் பழக நான் சொல்லும் காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடை. விசைப்படகு ஓடாத அந்த 61 நாளில் வியாபாரிக்கும் கை ஓய்வாக இருக்கும், பழைய பாக்கியைக் கேட்டு வாங்கவும் அப்போதுதான் நேரம் கிடைக்கும்.