நிறம் மாறினால் ஃபார்மலினா?

2018 ஜூனில் கேரளம் 'ஆபரேஷன் சாகர் ராணி' என்ற பெயரில் மீன் லாரிகளை மடக்கி, ஃபார்மலின், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைசல், ஊற்றியிருக்கிறார்களா என்று சோதித்தபோது அதிகம் பேசப்பட்டது ஒரு காகிதப் பட்டை. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது. மீன் மேல் தேய்த்து, ஒரு சொட்டுக் கரைசல் விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் சில நிமிடங்களில் விடை. மீன் கெட்டுப்போகும் பண்டம், சோதனை விரைவாக வேண்டும் என்று அதிகாரிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பட்டை சந்தேகத்தை எழுப்பத்தான் உதவும். தீர்ப்புச் சொல்வதற்கு அது போதாது.

ஏனென்றால், யாரும் எதையும் ஊற்றாமலே மீனுக்குள் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். கடல்மீனின் தசையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்றொரு பொருள் இருக்கிறது. மீன் செத்தபின், முக்கியமாக உறைய வைத்திருக்கும்போது, ஒரு நொதி அதை டைமெத்திலமைனாகவும் ஃபார்மால்டிஹைடாகவும் உடைக்கிறது. தும்பிலி, வங்கரவாசி போன்ற மீன்களில் இது கூடுதல். உணவுப் பாதுகாப்பு ஆணையமே மீன்களை வகை பிரித்துத்தான் வரம்பு வைத்திருக்கிறது: கிலோவுக்கு ஒரு பிரிவுக்கு 4 மில்லிகிராம், இன்னொரு பிரிவுக்கு 100 மில்லிகிராம். இவ்வளவு பெரிய இடைவெளியைச் சந்தையில் நின்றுகொண்டு நிறம் பார்த்து முடிவு செய்ய முடியுமா?

ஆய்வகத்தில் வேலை பொறுமையாக நடக்கிறது. மீனை அரைத்து, பாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, நீராவி விட்டு வடிக்கிறார்கள். வடிநீரில் அசிட்டைல் அசிட்டோனும் அம்மோனியம் அசிடேட்டும் கலந்த நாஷ் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் பூக்கும். 1953-இல் வெளியான முறை, இன்றும் உழைக்கிறது. அந்த மஞ்சள் 412 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து அளவைக் கணக்கிடுகிறார்கள்.

வடிப்பதற்குக் காரணம் உண்டு. ஃபார்மால்டிஹைடு புரதத்தைக் கவ்விக்கொள்ளும் குணமுள்ளது. குளிர்ந்த கரைசலில் ஊறவைத்துப் பிரித்தால் கவ்வாமல் மிஞ்சியது மட்டும் வரும். அமிலமும் ஆவியும் சேர்ந்தால் பிடிபட்டதிலும் ஒரு பங்கு வெளியேறும். ஆகவே ஒரே மீனுக்கு இரண்டு முறைகள் இரண்டு எண்களைத் தரலாம், இரண்டும் பொய்யல்ல. ஐயம் மிஞ்சினால் டிஎன்பிஎச் என்ற வேதிப்பொருளோடு சேர்த்து எச்பிஎல்சி கருவியில் செலுத்துவார்கள். மற்ற ஆல்டிஹைடுகள் அங்கே தனித்தனியாகப் பிரிந்துவிடும். அப்போதும்கூட, அது வெளியே இருந்து ஊற்றப்பட்டதா உள்ளேயே ஊறியதா என்பதைக் கருவி சொல்லாது. அதே வகை மீனின் இயல்பான அளவோடு ஒப்பிட்டு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அவசரம் என்ன செய்யும் என்பதை வங்கதேசம் பார்த்துவிட்டது. 2014-இல் டாக்காவுக்கு வந்த மாம்பழங்களைச் சாவடிகளில் நிறுத்திச் சோதித்து, குவியல் குவியலாக அழித்தார்கள். பயன்படுத்தியதோ காற்றில் உள்ள ஃபார்மால்டிஹைடை அளப்பதற்கான கருவி. பழங்களில் அது இயல்பாகவே உண்டு. அந்தக் கருவி பழத்துக்கு ஏற்றதல்ல என்பது பிறகுதான் வெளியே வந்தது. விவசாயிக்கு அதனால் என்ன பயன்?

எனக்கு உறுத்துவது கூடைக்காரப் பெண்களின் நிலை. லாரி பிடிபட்டால் முதலாளிக்கு வக்கீல் இருக்கிறார், மறுபரிசோதனை கேட்பார். விடியற்காலை ஏலத்தில் கடன் வாங்கி எடுத்த மீனைத் தெருத்தெருவாக விற்கும் அம்மாவுக்கு அன்றைய முதலே அந்தக் கூடைதான். பிடித்தவர் யார், ஐஸில் எத்தனை நாள் இருந்தது என்று அவருக்குத் தெரியவும் வாய்ப்பில்லை. தப்பு செய்திருந்தாலும் அவருக்கு முந்திய கைகளில் நடந்திருக்கலாம்.

மறுபரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. மாதிரியை உறைய வைத்துத்தான் பாதுகாக்கிறார்கள். தும்பிலி போன்ற மீனில் அந்தக் காத்திருப்பிலேயே அளவு ஏறும். அதனால் மீனின் வகை, எடுத்த நேரம், உறைய வைத்த நாள்கள் மூன்றையும் மாதிரியோடு எழுதி அனுப்ப வேண்டும். அதன் நகல் ஒன்று அந்த அம்மாவின் கையிலும் இருக்க வேண்டும்.