மூடிய கூடாரத்தில் மிளகு நாற்று வளர்த்தல்

பதுளை, பசறை, ஹாலிஎல முதலிய பகுதிகளில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர், வேலியோரத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் மிளகுக் கொடி நாட்ட விரும்புகின்றனர். நாற்றுக்களை விலைக்கு வாங்கினால் செலவு கூடும். கொடியை வெட்டி வெளியில் ஊன்றினாலோ பெரும்பாலானவை காய்ந்துவிடும். வெட்டப்பட்ட தண்டுக்கு வேர் இல்லை. ஆயினும் அதன் இலை ஓயாது நீரை ஆவியாக வெளியிடுகிறது. ஊவாவில் ஆனி முதல் ஆவணி வரை வீசும் கச்சான் காற்று இவ்விழப்பை மேலும் பெருக்குகிறது. வேர் விடுமுன்னரே தண்டு வாடி மடிவதற்கு இதுவே காரணமாகும்.

மூடிய பெட்டியின் தத்துவம்

1829ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவரான நதானியேல் வார்ட், ஈரமண் இட்டு மூடிய போத்தலொன்றில் பன்னச்செடியும் புல்லும் தாமாகவே முளைத்திருக்கக் கண்டார். அவை நீர் வார்க்கப்படாமலே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. பகலில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் எழும் ஆவி கண்ணாடியில் துளிகளாகப் படிந்து மீண்டும் மண்ணையே சேர்ந்ததே அதற்குக் காரணம். பின்னர் இம்முறையில் அமைந்த கண்ணாடிப் பெட்டிகள் கப்பல்களில் செடிகளைக் கொண்டுசெல்லப் பயன்பட்டன. 1876இல் இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து 1,919 இறப்பர் நாற்றுக்கள் இத்தகைய 38 பெட்டிகளிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கண்ணாடிக்குப் பதிலாகப் பொலித்தீன் கொண்டு அமைக்கும் கூடாரமும் இதே வேலையைச் செய்கிறது.

தண்டும் மண்ணும்

வாடல் நோய் அறவே இல்லாத, நன்கு காய்க்கும் தாய்க்கொடியையே தெரிதல் வேண்டும். மேல்நோக்கி ஏறும் தண்டையோ நிலத்தில் ஓடும் தண்டையோ காலையில் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணுவும் ஓர் இலையும் இருக்குமாறு நறுக்குக. இலை பெரிதாயின் பாதியைக் கத்தரித்துவிடலாம். வெட்டிய அன்றே நட்டுவிடுதல் நன்று.

மேல்மண், மணல், மக்கிய சாணி எரு, தும்புத்தூள் ஆகியவற்றைச் சமபங்கு கலந்து, 8 அங்குல உயரமும் 5 அங்குல அகலமும் உள்ள துளையிட்ட பைகளில் நிரப்புக. கணு மண்ணோடு பொருந்தவும், இலையும் அதன் கக்கத்திலுள்ள அரும்பும் மண்ணுக்கு மேலே நிற்கவும் தண்டை ஊன்றுதல் வேண்டும்.

கூடாரம் அமைத்தல்

மரநிழலிலோ, கிடுகு வேய்ந்த பந்தலின் கீழோ, நீர் தேங்காத இடத்தில் 3 அடி அகலமான மேடை அமைத்துப் பைகளை அடுக்குக. நன்கு நீர் தெளித்தபின், வளைத்த மூங்கிற் கீற்றுக்களை நட்டு அவற்றின்மேல் நிறமற்ற பொலித்தீனை விரித்து, சுற்றுவிளிம்பை மண்ணால் காற்றுப் புகாதவாறு மூடுக.

நாற்று எவ்வாறிருக்கிறது எனப் பார்க்கும் ஆவலினால் நாள்தோறும் கூடாரத்தைத் திறப்பது பெருந்தவறு. திறக்கும்போதெல்லாம் உள்ளிருக்கும் ஈரப்பதம் வெளியேறிவிடுகிறது. காலையில் பொலித்தீனின் உட்புறத்தில் நீர்த்துளிகள் காணப்பட்டால் ஈரம் போதும். துளிகள் இல்லையெனில் கிழிசல் உண்டா எனப் பார்த்து அடைத்து, நீர் தெளித்து மீண்டும் மூடுக. நேர்வெயில் படுமாயின் மூடிய கூடாரம் அடுப்புப்போற் சூடேறும்; ஒரு நண்பகலிலேயே நாற்றுக்கள் யாவும் கருகிவிடலாம்.

மிகுந்த ஈரமும் கேடே. மண் சேறாகி நின்றால் அழுகல் தோன்றும். கறுத்த தண்டையும் உதிர்ந்த இலையையும் கண்டவுடன் பையோடு அகற்றி அழித்தல் வேண்டும். நோயுற்ற ஒரு நாற்று தோட்டத்திற்குச் சென்றால், மண்வழியே பரவும் பூஞ்சணம் காய்க்கும் பருவத்துக் கொடிகளையும் சில நாட்களிலேயே வாட்டிவிடும். பல ஆண்டு உழைப்பு அதனால் வீணாகும்.

வெளிக்குப் பழக்குதல்

ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மாதத்தில் புதுத்தளிர் தோன்றும். அதன்பின்னும் கூடாரத்தை ஒரே நாளில் அகற்றலாகாது. முதலில் இரு முனைகளையும் சிறிது திறந்து, நாள்தோறும் திறப்பை அகலமாக்கி, இரண்டு வாரங்களில் முழுவதும் நீக்குக. பின்னர் நிழலையும் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

சித்திரை, வைகாசியில் நாற்றுமேடை தொடங்கினால், ஐப்பசி மழையோடு நிலத்தில் நாட்டலாம். கிளிசரிடியா, முள்முருங்கை போன்ற தாங்குமரங்களை 8 அடி இடைவெளியில் முன்கூட்டியே நாட்டுதல் வேண்டும். ஏறத்தாழ 3,000 அடிக்கு மேற்பட்ட வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய குளிர்ப்பகுதிகள் மிளகுக்கு ஏற்றனவல்ல என்பதையும் கருத்திற் கொள்க.

முதன்முறையாக முயல்வோர் ஐம்பது பைகளுடன் தொடங்குவது சாலச் சிறந்தது. நாற்று பிழைப்பது நிழலும், ஈரமும், திறவாது பொறுத்திருக்கும் கையும் சேர்ந்தபோதே.