'மின்னூட்டம்' என்னும் சொல்லும் உயிரணுச் சவ்வும்

சாத்தூர், சிவகாசி வட்டாரப் பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்து கலக்கும் அறைக்குள் நுழைவோர், வாயிலில் நிலத்தோடு இணைக்கப்பட்ட உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டே உட்செல்லுதல் வேண்டும். நடையாலும் ஆடையின் உராய்வாலும் உடலிற் சேர்ந்த மின்னை அத்தகடு நிலத்திற்குக் கடத்திவிடும். அஃது உடலில் நிற்குமாயின் விரல் நுனியில் எழும் சிறு பொறியே மருந்தைப் பற்றவைத்தல் கூடும். உராய்வு ஊட்டிய மின்னை நிலம் வாங்கிக்கொள்கின்றது. இதனை 'மின்னூட்டம்' என்றல் சாலப் பொருந்தும். 'உண்' என்னும் தன்வினைக்கு 'ஊட்டு' பிறவினை. ஊட்டுவது ஒன்றும் உண்பது ஒன்றும் ஆக இருபொருள் அச்சொல்லில் அடங்கும்.

இச்சொல்லையே உயிரணுச் சவ்வின் கொழுமியங்களுக்கும் ஆளுங்கால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழுமிய மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் இரு வால்களும் உண்டு. நீரில் இவை வால்களை உள்ளொடுக்கித் தலைகளை இருபுறமும் நீட்டி, இரண்டு அடுக்காக அமைகின்றன. குருதிச் சிவப்பணுக்களை ஆராய்ந்து இவ்வீரடுக்கினை 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் கூறினர். இதன் தடிப்பு ஏறத்தாழ 4 முதல் 5 நானோமீட்டர்.

தலைப்பகுதியில் பாஸ்பேட்டுத் தொகுதி உள்ளது. தீப்பெட்டியின் பக்கப்பட்டையிற் பூசப்படும் சிவப்புப் பாஸ்பரசும் இத்தொகுதியின் நடுவணுவும் ஒரே தனிமம். உடலின் நீர்ச்சூழலில் பாஸ்பேட்டு எதிர்மின் தன்மையுடையது. கோலின் சேர்ந்த கொழுமியத்தில் கோலினின் நேர்மின் அதனை ஈடுசெய்ய, மொத்தம் சுழியாகின்றது. செரின் சேர்ந்ததில், செரினின் நேர்மின்னும் எதிர்மின்னும் தமக்குள் ஈடாகிவிடுவதால், பாஸ்பேட்டின் எதிர்மின் ஒன்று எஞ்சுகின்றது.

எஞ்சிய இவ்வொன்றின் விளைவுகள் பல. ஒத்த மின்னுடைய தலைகள் ஒன்றையொன்று விலக்கும். இரட்டை நேர்மின்னுடைய கால்சியம் அயனி இடைப்புகுந்தால், விலகிய தலைகள் நெருங்கும். சவ்வும் அவ்விடத்து இறுகும். நேர்மின் மிக்க புரதங்கள் எதிர்மின் பரப்பை நாடி வந்து ஒட்டும்.

இவற்றினும் சிறந்தது இடவேறுபாடு. நலமுள்ள உயிரணுவில் செரின் கொழுமியம் பெரிதும் உள்ளடுக்கிலேயே நிற்கும். வெளியடுக்கிற்குத் தப்பியவற்றை ஆற்றல் செலவிட்டு உள்ளிழுக்கும் புரதங்கள் உள. காயம் பட்டவிடத்துத் தட்டணுக்கள் கிளர்ந்தெழும்போது அக்கொழுமியம் வெளிப்புறம் திரும்புகின்றது. கால்சியம் பாலமாக, உறைதற் காரணிகள் அவ்வெதிர்மின் பரப்பிற் கூடுகின்றன, குருதி உறைகின்றது. இத்திருப்பம் நிகழாமையால் குருதிப்போக்கு எளிதில் நில்லாத அரிய பரம்பரை நோயும் உண்டு. அதற்கு ஸ்காட் நோய்க்குறித்தொகுதி என்று பெயர். இறக்கும் உயிரணுவும் இக்கொழுமியத்தை வெளிக்காட்டியே விழுங்கணுக்களை அழைக்கின்றது. ஒரே மூலக்கூறு, ஒரே மின். ஆயினும் உள்ளே நிற்பின் வாழ்வு, வெளியே திரும்பின் உறைவோ இறுதியோ ஆகின்றது.

இனிச் சொல்லுக்கு வருவோம். இம்மின்னை ஊட்டியவர் யாவர்? ஒருவரும் இலர். எத்தகட்டைத் தொட்டாலும் இது நீங்காது. மூலக்கூற்றின் அமைப்பிலேயே உள்ளது. 'மின்னூட்டம்' என்று படிக்கும் மாணவன், புறத்தேயிருந்து மின் செலுத்தப்பட்டதாகக் கருதினால் பிழை அவனுடையதன்று, சொல்லினுடையது.

ஈழத்து வழக்கில் 'ஏற்றம்' என்பர். மாறு, மாற்றம் என்றாற்போல ஏறு, ஏற்றம் எனக் கொண்டால் அது தன்வினைக்கும் இடந்தரும். தமிழகத்து வேதியியல் நூல்களில் 'மின்சுமை' என்பதும் பயில்கின்றது. சுமத்தல் தானே தாங்குதலாதலின், பிறர் ஊட்டுதல் என்னும் பொருள் அதில் நுழைவதில்லை. மின்கருவிகள் இழுக்கும் மின்னளவை அது குறிக்குமோ என ஐயுறலாம். அதற்கு 'மின்பளு' என்னும் சொல் வழக்கில் உண்மையின் மயக்கம் பெரிதன்று.

ஆகவே, உராய்வு முதலியவற்றாற் பெற்றதனை மின்னூட்டம் என்றும், மூலக்கூறு இயல்பாகத் தாங்குவதனை மின்சுமை என்றும் பிரித்தாளுதல் நன்று. ஆங்கிலத்தில் இரண்டற்கும் ஒரே சொல் உண்டென்பதால் தமிழும் ஒன்றே கொள்ளுதல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தன்வினை பிறவினை வேறுபாட்டைச் சொல்லின் வடிவிலேயே காட்டவல்ல மொழி, அவ்வாற்றலை அறிவியலிலும் பயன்கொள்ளுதலே முறை.