கல்லாற்றுக் காடும் பெயர் மறந்த நாமும்

விடுமுறைக்குத் தாயகம் செல்லும் நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் செய்வது என்ன? குலதெய்வத்தின் கோயிலுக்கு ஒரு நாள், உறவினர் வீடுகளுக்குச் சில நாள், துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் எஞ்சிய நாள் என்று செலவிட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றோம். இவற்றைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆயினும், அயலிடத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தம் முன்னோர் வாழ்ந்த மண்ணில் வளரும் மரஞ்செடிகளையும் அங்கு உலவும் உயிர்களையும் காணாமலே திரும்புவது ஒரு பெரும் இழப்பே யாகும். அக்குறையைப் போக்கவல்ல இடங்களுள் ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுத விரும்புகின்றோம்.

கல்லாறு என்னும் பெயருடைய இடங்கள் பல உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்து, நீலகிரி மலை இரயில் ஏறத் தொடங்கும் இடமும் கல்லாறே. நாம் இங்குக் கூறுவது திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு. திருவனந்தபுரம் நகரிலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் அச்சிற்றூர் அமைந்துள்ளது. வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் மலையாறு ஒன்று அங்கே பாய்கின்றது. படுகை முழுதும் உருண்டு திரண்ட கற்கள் கிடப்பதைக் கண்டவர்க்குப் பெயர்க் காரணத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை. அங்கிருந்து காட்டுவழியே நடந்தால் மீன்முட்டி அருவியை அடையலாம். சாலை வழியே மேலே சென்றால் 22 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பொன்முடியின் புல்வெளியை அடையலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் யாம் குடும்பத்தோடு அக்காட்டுவழியில் நடந்தபோது நிகழ்ந்ததை இங்குச் சொல்லாமலிருக்க இயலவில்லை. எம் மகள், அப்போது ஒன்பது வயதினள், வழியோரத்து மரமொன்றைச் சுட்டி, “அப்பா, இதன் பெயர் என்ன?” என்று வினவினாள். “காட்டு மரம் அம்மா” என்றேன். அடுத்த மரத்திற்கும் அதுவே விடை. மூன்றாம் முறை அவள் என்னைக் கேட்கவில்லை. வழிகாட்டியாக முன்னே நடந்த பெரியவரிடம் சென்று கேட்டாள். அவர் நின்று, பட்டையைத் தொட்டுக் காட்டி, “வேங்கை, மோளே” என்றார். சற்றுத் தள்ளி, “இது மருது, அது ஞாவல்” என்றார். மருது என்பது நம் மருத மரம். ஞாவல் என்பது நம் நாவல். நான் சிறுவயதில் என் பாட்டி வாயிலாகக் கேட்ட பெயர்களே அவை. முப்பது ஆண்டுகள் அயலூர் வாழ்வில் அவற்றை நான் இழந்துவிட்டேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பெயரை நான் மறந்தமையால் என் மகளுக்கு அம்மரமே இல்லாமற் போயிற்று.

பெயரறிவு வெறும் சொல்லறிவுதானே என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று என்பதற்குக் கல்லாற்றைச் சூழ்ந்துள்ள இம்மலைக்காடே சான்று. 1987-ஆம் ஆண்டு அறிவியலார் குழு ஒன்று அகத்தியமலைக் காட்டில் ஆய்வு நடத்திற்று. குழுவினர் ஏற முடியாமல் களைத்துப் போயினர். உடன் வந்த காணி இனத்து வழிகாட்டிகளோ, ஏதோ ஒரு சிறு கனியைத் தின்று சோர்வின்றி நடந்தனர். அஃது என்னவென்று கேட்டபோது முதலில் அவர்கள் சொல்ல மறுத்தனர். அது தம் இனத்தார் காத்து வந்த மறைபொருள். பின்னர் மனமிசைந்து அச்செடியைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. நிழலில் தரையோடு வளரும் அச்சிறு செடியை, அறியாதவர் மிதித்துக்கொண்டு போய்விடுவர்.

கல்லாற்றுக்கு அண்மையிலுள்ள பாலோட்டில், 1979-இல் நிறுவப்பெற்ற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம், அச்செடியோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கிற்று. அதனைச் செய்யும் உரிமை 1995-இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்றற்கு அளிக்கப்பெற்றது. உரிமத் தொகையாகிய பத்து இலட்ச ரூபாயிலும், விற்பனையில் நூற்றுக்கு இரண்டு வீதம் வரும் பங்குத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கு உரியது என்று முடிவாயிற்று. அதனைப் பெறுதற்பொருட்டு 1997-இல் அவர்கள் அறக்கட்டளை ஒன்றனை அமைத்தனர். காட்டு மக்களின் மரபறிவுக்கு ஊதியம் உண்டு என்பதை ஏற்ற முதல் முயற்சிகளுள் ஒன்றாக இதனை உலகம் இன்றும் பேசுகின்றது.

எல்லாம் இனிதாகவே முடிந்ததென்று கூறுதற்கில்லை. காணி மருத்துவர் சிலர், தம் முன்னோர் காத்த அறிவு விலைப்பொருளாவதை எதிர்த்தனர். மற்றக் குடியிருப்புகளில் வாழ்ந்தோர், தம்மைக் கேட்காமலே முடிவு செய்ததாகக் குறைப்பட்டனர். இலைக்குத் தேவை மிகுந்தபோது, செடியே அழிந்துவிடுமோ என்று வனத்துறை அஞ்சித் தடை விதித்தது. அச்செடி தனக்குரிய காட்டுச் சூழலில் வளர்ந்தால்தான் அதன் குணம் நிறைவாக இருந்தது என்பதையும் ஆய்வாளர் கண்டனர். ஆகவே செடியை மட்டும் காப்பாற்றினால் போதாது. அது நிற்கும் காடும், அதனை அறிந்த மக்களும் உடன் காக்கப்பெறல் வேண்டும்.

அத்தகைய மக்களுள் ஒருவர் கல்லாற்றுக் காட்டைச் சேர்ந்த இலட்சுமிக்குட்டியம்மாள். காணி இனத்தில் பிறந்த அவர், பழங்குடிச் சிறுமியர் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த 1950-களில், நெடுந்தொலைவு நடந்து சென்று எட்டாம் வகுப்பு வரை பயின்றவர். மருந்தறிவை மருத்துவச்சியாகிய தம் தாயாரிடம் கற்றார். ஏறத்தாழ 500 மருந்துகளை ஏடு பாராமல் நினைவிலிருந்தே சொல்ல வல்லவர் என்றும், நஞ்சுக்கடிக்கு மருந்தளிப்பதில் தேர்ந்தவர் என்றும் புகழ் பெற்றார். இத்தனையும் கற்பித்த அதே காட்டில், தம் மகன் ஒருவரை யானைக்குப் பறிகொடுத்தவரும் அவரே. ஆயினும் அவர் காட்டை வெறுத்தாரல்லர். 2018-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. தாய் வாயிலிருந்து மகள் செவிக்கு வந்த பெயர்களே அவர் கல்விக்கு அடிப்படை என்பதை நம் இல்லத்தரசியர் எண்ணிப் பார்த்தல் நலம்.

இக்காடு தமிழர்க்கு அயலானதும் அன்று. பொன்முடியும் பேப்பாறையும் நெய்யாறும் அகத்தியமலைத் தொடரைச் சேர்ந்தவை. அத்தொடரின் கீழைச்சரிவே நம் பொதிகை. அங்கே பிறந்து நெல்லைச் சீமையை வாழ்விப்பது தாமிரபரணி. காணி மக்களும் இரு சரிவுகளிலும் வாழ்கின்றனர். அவர்தம் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். 2001-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற இப்பகுதியை, 2016-இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. 3,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்புள்ள இக்காப்பகத்தில் 2,254 வகை உயர்தாவரங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 400 இம்மண்ணுக்கே உரியவை. யானையும், கருமந்தியும், சிங்கவால் குரங்கும், மரத்துக்கு மரம் தாவும் பெரிய மலையணிலும் இம்மலைகளில் வாழ்கின்றன. பொன்முடிப் பக்கத்து உயர்ந்த பாறைச் சரிவுகளில் தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடும் உண்டு.

கல்லாற்றுக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். கோடை மழையும் பருவ மழையும் ஓய்ந்த நாட்களே ஏற்றவை. மழைக்காலத்தில் ஆறு கணப்பொழுதில் பெருகும், பாறைகள் வழுக்கும், அட்டைகளும் மிகுதி. பார்வைக்கு அமைதியாகத் தோன்றும் மடுக்கள் ஆழமானவை. நீச்சல் அறிந்தோரும் உயிரிழந்ததுண்டு. ஆகையால் பிள்ளைகளைக் கண்பார்வையிலேயே வைத்திருத்தல் வேண்டும். காட்டுவழியில் உள்ளூர் வழிகாட்டியின்றிச் செல்லலாகாது. நெகிழிப் பைகளைக் காட்டில் விட்டுவரலாகாது. செடியையோ விதையையோ எடுத்து வருதலும் கூடாது. குரங்குகளுக்குத் தீனி கொடுப்பது அவற்றுக்குச் செய்யும் தீங்கே. உரக்கப் பேசாமல் நடந்தால் பறவைகளைக் கேட்கலாம். காட்டில் நடக்க இயலாத முதியோரை அழைத்துச் செல்வோர், பாலோட்டுப் பூங்காவிற்குச் செல்லலாம். 300 ஏக்கர்ப் பரப்பில் அமைந்த அங்கே மரங்களை நின்று நிதானமாகப் பார்க்க முடியும்.

இன்னும் ஒன்று. பிள்ளையின் கையில் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுங்கள். வழிகாட்டி சொல்லும் பெயரை அது தமிழில் எழுதட்டும். இலையின் வடிவத்தைப் பக்கத்தில் வரையட்டும். வீட்டுக்கு வந்தபின், ஊரிலிருக்கும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ தொலைபேசியில் அப்பெயர்களைப் படித்துக் காட்டட்டும். “எங்கள் தோட்டத்திலும் ஒன்று இருந்ததே” என்று அவர்கள் தொடங்கும் கதை, எந்தப் பாடநூலிலும் கிடைக்காது. அக்கதையைச் சொல்வோர் நம்மிடையே நெடுங்காலம் இருக்கமாட்டார்கள் என்பதையும் மறத்தலாகாது.

எம் மகளின் குறிப்பேட்டில் அன்று பதினேழு பெயர்கள் ஏறின. அவற்றுள் பதினொன்று நான் ஒருகாலத்தில் அறிந்திருந்தவை. இப்போது நாங்கள் வாழும் நகரத்துப் பூங்காவிலும் அவள் மரங்களின் பெயரை விசாரிக்கின்றாள். அவ்வூர் மரங்களுக்கும் அவ்வூர்ப் பெயர் உண்டன்றோ? நானும் அவளோடு நின்று கேட்டுக்கொள்கின்றேன். “காட்டு மரம்” என்று விடை சொல்வதை விட்டுவிட்டேன்.