உப்புக் காற்று ஊரில் பாலிஷ் பேரல் வாங்கும்போது

திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை வந்தது 1956-ல். இங்கிலாந்தின் ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய ஆலை அது. அங்கே செய்த பழைய புல்லட்டுகளைப் பிரித்துச் சேர்த்துக் கொடுப்பதுதான் காலடிப்பேட்டையில் என் பிழைப்பு. டேங்க்குக்குப் பெயின்டர் இருக்கிறார், சிலிண்டருக்கு லேத் இருக்கிறது. ஒரு வண்டியைப் பிரித்ததும் தகர டப்பாவில் சேர்கிற நட்டு, போல்ட்டு, வாசர், கிளிப், ஸ்போக் நிப்பிள் இவற்றுக்குத்தான் ஆள் கிடையாது. துருவும் கிரீஸும் அப்பிய அந்த டப்பாவை என்ன செய்வது என்று என்னிடம் கேட்பவர்கள் பலர். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வாங்கிவிடலாமே என்பார்கள். பழைய புல்லட்டின் மரை பெரும்பாலும் பிரிட்டிஷ் அங்குல மரை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சுலபமாகக் கிடைக்கிற மில்லிமீட்டர் போல்ட்டு அதில் முதல் சுற்று ஏறுவது போலக் காட்டும். ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் இன்ஜின் கேஸின் அலுமினிய மரையை உரித்துவிடும். அதனால் பழைய போல்ட்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும். ஒவ்வொன்றாகக் கம்பி பிரஷ்ஷில் தேய்த்தால் கை ஓய்ந்துவிடும். கிரைண்டரில் மாட்டிய கம்பிச் சக்கரத்தில் சின்ன வாசரைக் காட்டினால் அது விரலை விட்டுக் கண்ணை நோக்கிப் பறக்கும். ஆகவே சாமான்களையும் உரசுகிற கல்லையும் ஒன்றாகப் போட்டுத் தானாக உருட்டுகிற எந்திரம் வேண்டியிருக்கிறது. வார்ப்புப் பட்டறைகளில் பெரிய இரும்புப் பேரலைச் சுழலவிட்டு மண் உதிர்ப்பார்களே, அதன் வீட்டு வடிவம்தான் இது.

கடையில் மூன்று வகை கிடைக்கும். சௌகார்பேட்டை நகைத் தொழில்காரர்களிடம் இருப்பது காந்தப் பாலிஷர். அடியில் காந்தம் சுழல, மேலே கிண்ணத்துச் சோப்புத் தண்ணீரில் மெல்லிய எஃகு ஊசிகள் துள்ளித் துள்ளி வெள்ளியையும் பித்தளையையும் குத்தித் துலக்கும். கால் மணி நேரத்தில் ஒரு கொலுசின் இண்டு இடுக்கெல்லாம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் இரும்பு போல்ட்டைப் போட்டால் காந்தம் போல்ட்டையே பிடித்துக்கொள்ளும். நம் வேலைக்கு அது ஆகாது.

மீதி இரண்டு, வைப்ரேட்டரும் சுழலும் பேரலும். வைப்ரேட்டரில் கிண்ணம் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். மோட்டார் தண்டில் ஒருபக்கமாகக் கட்டிய எடை அதை நடுங்க வைக்கும். சாமான்கள் விழுந்து மோதாமல் கல்லுக்குள்ளேயே நீந்துவது போல நகரும். பள்ளங்களுக்குள்ளும் கல் போகும், ஓடும்போதே மூடியைத் திறந்து பார்க்கலாம், நாலைந்து மணி நேரத்தில் வேலை முடியும். பேரல் அதே வேலைக்கு ஒரு ராத்திரி முழுக்க எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நான் பேரலைத்தான் பரிந்துரைக்கிறேன். முதல் காரணம் சத்தம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். நண்பர் ஒருவரின் வைப்ரேட்டரைச் சில நாள் வைத்திருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா காலையில் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "இன்னா தம்பி, ராவெல்லாம் இன்னாத்த உருட்டிக்கினு கீற? சுவரே உதறுது. புள்ளைக்குப் பரீட்ச வேற." உட்புறம் ரப்பர் ஒட்டிய பேரல் மழைச் சத்தம் அளவுக்குத்தான் கேட்கும். இரண்டாவது காரணம் ரிப்பேர். பேரலில் தேய்வது பெல்ட், பேரிங், பேரல் உட்காரும் உருளை மூன்றும்தான். மூன்றும் ராயபுரத்திலோ தங்கசாலையிலோ அன்றைக்கே கிடைக்கும். வைப்ரேட்டர் மோட்டார் போனால் அதே எடை, அதே அளவில் இன்னொன்று தேடி அலைய வேண்டும். மெல்லிய தகட்டுக் கிளிப்பும் பித்தளை நிப்பிளும் மட்டுமே உங்கள் வேலை என்றால் வைப்ரேட்டரே வாங்குங்கள், பேரலுக்குள் கனமான போல்ட்டு விழுந்து அவற்றை நெளித்துவிடும்.

பேரல் வாங்கும்போது கடைக்காரர் எத்தனை லிட்டர் என்று சொல்வார். நீங்கள் எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். 8 அங்குல விட்டமும் 10 அங்குல நீளமும் உள்ள பேரலின் கொள்ளளவு சுமார் 8 லிட்டர். அதைப் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்ப வேண்டும், முழுக்க நிரப்பினால் உள்ளே எதுவும் புரளாது. பாதி என்றால் 4 லிட்டர். செராமிக் கல் போட்டால் அது 6 கிலோ சுமார். அதே 4 லிட்டருக்கு எஃகுக் குண்டு போட்டால் 18 கிலோவைத் தாண்டிவிடும். கல் போட்டு ஓட்டிக் காட்டிய எந்திரம் குண்டு போட்டதும் திணறி, பெல்ட் வழுக்கி நின்றுவிடுவது இதனால்தான்.

அடுத்தது வேகம். வேகமாகச் சுற்றினால் சீக்கிரம் பளபளக்கும் என்று தோன்றும், உண்மை அப்படியில்லை. பேரலுக்குள் சரக்கு சுவரோடு கொஞ்சம் மேலே ஏறி, பிறகு சரிந்து வழிய வேண்டும். அந்தச் சரிவில்தான் உரசல் நடக்கிறது. ஒரு வேகத்துக்கு மேல் போனால் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், உரசலே இருக்காது. அந்த எல்லை வேகத்தைக் கணக்குப் போடலாம். பேரலின் உள்விட்டத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 42.3-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 8 அங்குலப் பேரலுக்கு அது 94. அதில் பாதியளவு, அதாவது 45 முதல் 50 சுற்று, வீட்டு வேலைக்குச் சரி.

சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த 45-ஐ எட்டும் வழி சுலபமானது. சாதாரண சிங்கிள் பேஸ் மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று. மோட்டாரில் 2 அங்குலப் புல்லி, உருளைத் தண்டில் 8 அங்குலப் புல்லி போட்டால் தண்டு 360 சுற்று சுற்றும். தண்டின் கனம் ஒரு அங்குலம், அதன் மேல் உட்காரும் பேரல் 8 அங்குலம் என்பதால் பேரல் 45-ல் உருளும். கால் குதிரைசக்தி மோட்டார் போதும், ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட் அளவில் கரண்ட் ஆகும். மோட்டாரின் தகட்டில் எஸ்1 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள், இடைவிடாமல் ஓடத் தகுந்தது என்று அதற்குப் பொருள். மிக்ஸி மோட்டாரைத் திருப்பி மாட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள், தீய்ந்துவிடும். பேரலுக்கு 200 மில்லிமீட்டர் பிவிசி பைப் நல்லது. ஆனால் வழவழப்பான வட்டக் குழாய்க்குள் சரக்கு புரளாமல் சறுக்கிக்கொண்டே இருக்கும். நீளவாக்கில் மூன்று பட்டைகள் ஒட்டி, மேலே லாரி டியூபை வெட்டிப் பதித்தால் சறுக்கலும் நிற்கும், சத்தமும் அடங்கும். கடையில் வாங்குவதானால் அறுகோணப் பேரலாக வாங்குங்கள். தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற எந்திரம் இது, எர்த் இல்லாத பிளக்கில் ஓட்டவே கூடாது.

இனி உள்ளே என்ன போடுவது. துருவை அறுக்க முக்கோணச் செராமிக் கல், அலுமினியத்துக்கு மென்மையான பிளாஸ்டிக் கல், கடைசிப் பளபளப்புக்கு ஸ்டெயின்லெஸ் குண்டும் ஊசியும் கலந்தது. எந்தக் கல்லாக இருந்தாலும் உங்கள் நட்டின் துளையை விடத் தெளிவாகப் பெரியதாகவோ தெளிவாகச் சின்னதாகவோ இருக்கட்டும். துளை அளவுக்குச் சமமான கல் உள்ளே போய் இறுகிக்கொள்ளும், ஒவ்வொன்றாக ஆணி வைத்துத் தட்டி எடுக்க வேண்டியிருக்கும். பழைய பேரிங் குண்டுகள் பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன என்று அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அவை ஸ்டெயின்லெஸ் இல்லை. நம் ஊர்க் காற்றில் ஒரே ராத்திரியில் துரு கட்டி, அந்தத் துருவையே உங்கள் சாமானில் பூசும். வைத்துக்கொள்வதானால் சோடா கரைத்த தண்ணீரில் மூழ்கவிட்டு வையுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது.

கிரீஸ் போக மண்ணெண்ணெயில் கழுவிய பிறகுதான் எதையும் பேரலில் போட வேண்டும், இல்லாவிட்டால் கல்லின் முகம் மழுங்கிவிடும். சாமான் ஒரு பங்கு, கல் மூன்று பங்கு, கல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள். நீளமான போல்ட்டின் மரையில் பழைய நட்டு ஒன்றை ஏற்றிவிட்டால் மரை நுனி நசுங்காது. அலுமினியச் சாமானைச் சோடாவோடு போட்டு இறுக்கி மூடாதீர்கள். ஹைட்ரஜன் வாயு கிளம்பிப் பேரல் உப்பும், மூடி தெறிக்கும். கார்பரேட்டர் ஜெட், பேரிங், கியர் இவற்றை இதில் போடவே கூடாது. ஜெட்டின் துளை ஒரு மயிரிழை மாறினாலும் வண்டி குடிக்கும் பெட்ரோல் மாறிவிடும்.

எந்திரம் எதுவாக இருந்தாலும், பேரலைத் திறந்த பிறகு வரும் அரை மணி நேரம்தான் எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு மிக முக்கியம். பழைய போல்ட்டின் மேல் துத்தநாகப் பூச்சு கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்தால் அதையும் கல் உரித்துவிட்டிருக்கும். வெளியே வருவது வெறும் இரும்பு. நல்ல வெள்ளியைப் போல மின்னும் அந்த இரும்பு, சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும். உள்நாட்டில் இருப்பவர்கள் எழுதிய குறிப்புகளில் இது இருக்காது, அவர்களுக்குக் கடற்காற்று இல்லை.

நான் பேரலைக் காலையில்தான் திறப்பேன். வெயில் காலத்தில் இங்கே பகல் பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் கடற்காற்று உள்ளே வந்துவிடும். அதற்கு முன் கழுவல், உலர்த்தல், எண்ணெய் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது 1960-களிலேயே தெரிந்த விஷயம். 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததும் வடசென்னையின் தண்ணீர்த் தட்டுப்பாட்டினால்தான். நம் வீட்டு போரில் ஏறும் தண்ணீர் நாக்குக்குக் கரித்தால் இரும்புக்கும் கரிக்கும். முதல் இரண்டு கழுவல் எதில் வேண்டுமானாலும் இருக்கட்டும், கடைசிக் கழுவலை கேன் தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத்தண்ணீரிலோ செய்யுங்கள். அதையும் கொதிக்கவைத்து ஊற்றினால் இரும்பு சூடேறித் தானே ஈரத்தை விரட்டும். சூடு ஆறுவதற்குள் உலர்ந்த மரத்தூளில் புரட்டி, தூளைச் சலித்து, இன்ஜின் ஆயிலில் முக்கி எடுத்துவிட வேண்டும். மரை இடுக்கில் கடைசியாக நிற்கும் துளித் தண்ணீரை மரத்தூள் உறிஞ்சுவதைப் போலத் துணி உறிஞ்சாது.

பேரலில் மிஞ்சும் கரும்பழுப்புக் குழம்பைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன். அதில் இரும்போடு பழைய பூச்சுகளின் துத்தநாகமும் இருக்கும், சில பழைய போல்ட்டுகளில் காட்மியம் என்ற நஞ்சும் இருக்கும். பழைய பூச்சுள்ள சாமான்களை உலர்வாக உருட்டக் கூடாது, தூசு நெஞ்சுக்குள் போகும் என்று சொல்வதும் அதனால்தான். நம் சாக்கடை பக்கிங்காம் கால்வாய்க்கும், கால்வாய் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் போகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வந்து அந்தக் கழிமுகத்தில் படிந்தபோது மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதை இங்கே எல்லோரும் பார்த்தோம். ஆலைகளைக் கேள்வி கேட்கிற நாம் நம் வாளியையும் பார்க்க வேண்டும். குழம்பை இரண்டு நாள் தெளியவிட்டு, மேல்தண்ணீரைத் துணியில் வடிகட்டி அடுத்த முறைக்கே திரும்ப ஊற்றிக்கொள்ளலாம். அடிவண்டலை உலரவிட்டு மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வைக்கிறேன். வருஷம் முழுக்கச் சேர்ந்தாலும் சின்ன டப்பாதான்.

எண்ணெய் பூசிய போல்ட்டு அலமாரியில் இருக்கும்வரை சரி. வண்டியில் ஏறிவிட்டால் முதல் மழையிலேயே எண்ணெய் போய்விடும். அதனால் உருட்டி முடித்த சாமானைத் துத்தநாகப் பிளேட்டிங்குக்குக் கொடுத்துவிட வேண்டும். சாமான் சுத்தமாக இருந்தால்தான் பூச்சு பிடிக்கும், பேரலில் உருட்டியதன் முழுப் பலனும் அங்கேதான் கிடைக்கும். நட்டு, வாசர்களை அளவுவாரியாகக் கம்பியில் கோத்துக் கொடுங்கள், தொட்டியில் தொலையாது. தலையில் 10.9 அல்லது 12.9 என்று முத்திரை உள்ள உறுதியான போல்ட்டுகளை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். பிளேட்டிங் கடையின் அமிலத்திலும் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி வாக்கில் பல மணி நேரம் அடுப்பில் சுட்டால்தான் அது வெளியேறும். அப்படிச் சுட்டுக் கொடுக்கும் கடை உங்களுக்குத் தெரியாவிட்டால், அந்தப் போல்ட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் பூசி அப்படியே மாட்டுங்கள். மழைக் காலத்துக்கு முன்பும் பின்பும் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.