உளியில் பிறக்கும் ஜம்போ ஜெட்

கதவைத் தள்ளியதும் மரத்தூள் மணம்தான் முதலில் வந்து மோதும். ஒரு பக்கம் இறக்கை பூட்டாத போயிங் 707கள். இன்னொரு பக்கம் உடலைத் தேடிக் காத்திருக்கும் இறக்கைகள், சோடி சோடியாக. மேசையில் மூக்கு மட்டும் வழவழவென்று தீட்டப்பட்ட கொன்கோர்ட். விமானம் கட்டும் தொழிற்சாலைதான் இது. ஆனால் ஆணி, அலுமினியம் எதுவும் கிடையாது. உளி, அரம், அரத்தாள், பசை, இவற்றோடு பொறுமையான கை. பெரும்பாலும் அவ்வளவே போதும்!

நாம் எட்டிப்பார்ப்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் பம்பாங்கா மாகாணத்தில் உள்ள ஏஞ்சலஸ் நகரத்துப் பட்டறைகளை. உலகம் முழுக்க விமானிகளின் மேசைகளிலும் சேகரிப்பாளர்களின் அலுமாரிகளிலும் நிற்கும் மர விமானங்களில் ஏராளமானவை இந்தப் பக்கத்திலிருந்து போனவை. பக்கத்திலேயே கிளார்க் என்ற பெரிய அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்தது. தாங்கள் ஓட்டிய விமானத்தை மரத்தில் செதுக்கித் தரச்சொல்லி அங்கிருந்த படையினர் கேட்டார்கள். ஊர்க் கைகள் செதுக்கிக் கொடுத்தன. 1991 ஜூனில் பினாதுபோ எரிமலை வெடித்துத் தளத்தைச் சாம்பலால் மூடியது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் மொத்தமாகப் போன பிறகும் தொழில் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. போர்விமானம் செதுக்கிய அதே உளிகள் பயணிகள் ஜெட்டுகளுக்கும் திரும்பின.

அந்த மாகாணத்துக்கு மரவேலை புதிதும் இல்லை. அங்கேயுள்ள பெத்திஸ் என்ற ஊர் தேவாலயச் சிற்பங்களுக்கும் செதுக்குவேலைத் தளபாடங்களுக்கும் பெயர்போனது. புனிதர்களின் அங்கி மடிப்பைச் செதுக்கும் மாகாணத்தில் ஜம்போ ஜெட்டின் முதுகு வளைவும் செதுக்கப்படுகிறது. இலங்கையின் வன்னியில் உள்ள எங்கள் தண்ணீரூற்று ஊராருக்கு இதில் வியப்பு இராது. ஊற்றங்கரைப் பிள்ளையார் வீதியுலா வரும் நாட்டில் மரத்தை உயிருள்ள உருவமாக மாற்றும் வேலை யாருக்குப் புதிது? குதிரை வாகனத்தின் கழுத்துத் திருப்பத்தை அளவுகோல் இல்லாமல் கண்ணாலேயே பிடிக்கிற ஆசாரிமார் எங்களிடமும் இருக்கிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் மரம். ‘பிலிப்பைன் மகோகனி’ என்று விற்பனைப் பெயர் சொன்னாலும் பல வேளை அது லவான் என்ற மரம். குங்கிலியம் தரும் சால் மரத்தின் நெருங்கிய சொந்தம். கடினமும் அளவு, மென்மையும் அளவு. உளிக்கு வழிவிடும். ஆனால் சூளையில் வைத்து நன்றாக உலர்த்தியிருக்க வேண்டும். ஈரம் ஒட்டியிருந்தால் சில மாதம் கழித்து இறக்கை முறுக்கும், பூட்டில் பெயின்ற் வெடிக்கும், அத்தனை உழைப்பும் வீண்.

அடுத்தது அளவு. 1/100 என்று வைத்துக்கொண்டால் கணக்கு இனிக்கிறது: மீற்றரெல்லாம் சென்ரிமீற்றராகிவிடும். ஆரம்பகாலப் போயிங் 747 நீளம் 70.6 மீற்றர், ஆகவே மாதிரி 70.6 சென்ரிமீற்றர், இறக்கை முனையிலிருந்து முனைக்கு 59.6. பழைய 707இன் நீண்டதூர வகை 46.6க்கு 44.4. ஆனால் இதே கணக்கில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மரத்தில் ஒரு மில்லிமீற்றர் அதிகமாகச் சீவினால் உண்மை விமானத்தில் பத்துச் சென்ரிமீற்றர் காணாமற் போகும்! அதனால்தான் பக்கவாட்டு வடிவத்தையும் மேற்பார்வை வடிவத்தையும் மட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, கட்டையில் கோடு கீறி, மின்வாளால் வெளிச்சதையை மட்டும் கழிக்கிறார்கள். மிச்சமெல்லாம் கைவேலை. செதுக்குவது, மட்டையை வைத்துப் பார்ப்பது, மறுபடி செதுக்குவது, மறுபடி பார்ப்பது.

எல்லாவற்றிலும் மூக்குத்தான் பொல்லாதது. உடல் வெறும் உருளை, யாரும் செய்யலாம். மூக்குப் பிழைத்தால் முகமே பிழைத்துவிடும். 707இன் மூக்கு கூராக இறங்கி, விமானி அறைக் கண்ணாடிக்கு மேலே புருவம்போலச் சின்ன யன்னல்கள் வைத்திருக்கும். பிரெஞ்சுக்காரரின் கரவெல் விமானத்துக்குப் பிரித்தானியக் கொமெட்டின் மூக்கையே வாங்கிப் பொருத்தினார்கள். ஆகவே ஒரே மூக்கு வார்ப்பு மட்டையால் இரண்டையும் சமாளிக்கலாம் என்பது செதுக்குவோருக்குக் கிடைத்த போனஸ். 747இன் திமிலோ தனிக்கதை. மூக்கைத் திறந்து சரக்கு ஏற்ற வசதியாக விமானி அறையை மேலே தூக்கி வைத்ததில் வந்த வளைவு அது. அந்த மேடு பின்னால் எப்படிக் கரைந்து முதுகோடு சேர்கிறது என்பதில்தான் கைத்திறன் தெரிந்துவிடும்.

இறக்கையைத் தனியாகச் செய்கிறார்கள். மரத்தின் நார் இறக்கையின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் தூசு தட்டும்போதே ஒடிந்துவிடும். 707இன் இறக்கை 35 பாகை பின்சாய்ந்து, உடலிலிருந்து ஏழு பாகை மேல்நோக்கி எழும். இரண்டு பக்கமும் அந்த எழுச்சி ஒன்றாக வர, சரிவான தாங்கியில் வைத்துப் பசை காயவிட வேண்டும். ஒரு பக்கம் இம்மி தாழ்ந்தாலும் விமானம் நொண்டும். கண் உடனே கண்டுபிடித்துவிடும், அது எந்தக் கண்ணாக இருந்தாலும்!

என் செல்லம் யாரென்றால் லொக்ஹீட் ட்ரைஸ்ரார். மூன்று எஞ்சின். நடு எஞ்சின் வாலுக்குள்ளே ஒளிந்திருக்க, காற்று மேலே உள்ள வாயால் நுழைந்து வளைந்து இறங்கும். மரத்தில் அந்த வாயை உண்மையாகக் குடைந்து, விளிம்பை மெல்லிசாக விட்டுவைப்பது சாகச வேலை. அதன் போட்டியாளரான டிசி-10இல் நடு எஞ்சின் செங்குத்து வாலின் குறுக்கே நேர்க்குழாயாக நிற்கும். அதைத் தனியாகக் கடைந்து பொருத்தலாம். இரண்டும் 1970இல் மூன்று மாத இடைவெளிக்குள் முதன்முதலாகப் பறந்தவை. அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வாலைப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவீர்கள். ட்ரைஸ்ரார் எங்களுக்கு அந்நியமும் இல்லை. 1979 செப்டெம்பரில் இரண்டு 707களோடு பறக்கத் தொடங்கிய எயார் லங்கா அடுத்த ஆண்டே ட்ரைஸ்ராரைக் கொண்டுவந்தது. கட்டுநாயக்காவிலிருந்து புறப்பட்டுப் போன எத்தனையோ தமிழர்களின் முதல் ஜெட் அதுதான்.

அதற்கும் முன்னால் கொமெட். உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவை 1952 மே 2இல் லண்டனிலிருந்து ஜொகனஸ்பேர்க் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொமெட் கொழும்புக்கும் வந்துவிட்டது! கொமெட்டின் எஞ்சின்கள் இறக்கையின் அடிக்குள்ளேயே புதைந்திருக்கும். தொங்கவிட ஒன்றுமில்லை, இறக்கை உடலோடு சேருமிடத்தை மொத்தமாக விட்டு, காற்றுவாய்களை அதிலேயே குடைய வேண்டும். பெயின்ற் அடிப்பவருக்கும் பரீட்சை உண்டு. ஆரம்பக் கொமெட்டின் யன்னல்கள் சதுரச் சாயல் கொண்டவை. 1954 விபத்துகளின் பின் உலோகக் களைப்பு பிடிபட்டது. பின்னால் வந்த கொமெட் 4இல் யன்னல்கள் வளைந்துவிட்டன. யன்னலைப் பிழையாகக் கீறினால் வருடமே மாறிவிடும்.

மரத்தில் ஜெட் செதுக்குவதை வெறும் பொழுதுபோக்கென்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1948 ஒக்ரோபரில் போயிங் பொறியியலாளர்கள் டேட்டன் நகர ஹோட்டல் அறையில் ஒரு வார இறுதியில் பி-52 விமானத்தின் வடிவத்தைத் தீர்மானித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜோர்ஜ் ஷேரர் கடைக்குப் போய்ப் பல்சா மரம், பசை, செதுக்குக் கருவி, வெள்ளிநிறப் பெயின்ற் வாங்கிவந்து, அறையிலேயே மாதிரியைச் செதுக்கினார். திங்கட்கிழமை 33 பக்க அறிக்கையோடு அந்த மர விமானமும் விமானப்படை மேசைக்குப் போனது.

அது குண்டுவீச்சு விமானம் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. மர மாதிரிகள் போருக்கும் உதவியிருக்கின்றன: 1942இல் அமெரிக்கக் கடற்படை, வானில் வருவது யாருடைய விமானமென்று அடையாளம் காணப் பழக்குவதற்காக, 1/72 அளவில் ஐந்து லட்சம் மர மாதிரிகளைப் பள்ளி மாணவர்களிடம் கேட்டது. எங்கள் போர்க்காலத்தில் வன்னிப் பிள்ளைகளுக்கு மாதிரி தேவைப்படவில்லை. சகடை, கிபிர், வண்டு என்று குண்டுவீச்சு, வேவு விமானங்களைச் சத்தத்திலேயே பிரித்தறிந்து பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை இன்றும் எங்கள் நடுவில் இருக்கிறது. வானத்தை நிமிர்ந்து பார்க்கப் பயந்தவர்கள் அவர்கள். ஆட்களை ஏற்றி, சாப்பாடு கொடுத்து, பத்திரமாக இறக்கிவிடுவதற்காக மட்டுமே கட்டப்பட்ட ஒரு விமானத்தைக் கையில் எடுத்து, அதன் வயிற்றைத் தடவிப் பார்க்கும்போது எனக்கு வரும் குதூகலம் அந்த நினைவிலிருந்துதான் வருகிறது.

கடைசிக் கட்டம் பூச்சு. சீலர் பூசி, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, மரத்தின் நுண்துளை ஒன்றுகூடத் தெரியாதவரை போகிறது வேலை. பிறகு நாடா ஒட்டி நிறக்கோடு, பிறகு சின்னம், பிறகு நூற்றுக்கணக்கான யன்னல். சில ரசிகர்கள் நிறமே வேண்டாம், மரம் மரமாகவே தெரியட்டும் என்று வார்னிஷோடு நிறுத்தச் சொல்வார்கள். என் வாக்கும் அதற்குத்தான்!

வன்னியில் இதைத் தொடங்க எதுவும் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. பாலையைத் தொடவேண்டாம், உளிதான் மழுங்கும். முதிரை அழகுதான், ஆனால் பழகிய கைக்குத்தான் அடங்கும். தளபாடப் பட்டறையில் ஒதுக்கிய மகோகனி அல்லது வேப்பந்துண்டு போதும். முதல் முயற்சிக்குக் கரவெல்லை எடுங்கள். எஞ்சின்கள் வாலோரம் இருப்பதால் இறக்கை சுத்தமாக இருக்கும், தொங்கும் எஞ்சின்களைப் பொருத்தும் தலைவலி இல்லை. முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பாடசாலைகளின் ஆசிரியர்களே, மரவேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, அடுத்த கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கொண்டு 1/100இல் ஒரு கரவெல் செய்வியுங்கள். அதன் பிறகு ட்ரைஸ்ராருக்குப் போகலாம்.